பக்கத்து வயலுக்குப் பாய்ந்த தீ: கவனயீன வழக்கில் ‘நியாயமான ஆள்’ யார்?

அறுவடை முடிந்த வட்டையில் (வயல்வெளியில்) வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் புதிய காரியமில்லை. மெசின் அறுத்துவிட்டுப் போனதும் நிற்கிற தாளையும் வரிசையாகக் கிடக்கிற வைக்கோலையும் கொளுத்திவிட்டால் அடுத்த உழவு இலகு என்பது கணக்கு. எரிக்க வேண்டாம், வயலுக்குள்ளேயே மடித்து உழுதுவிடுங்கள் என்று விவசாயத் திணைக்களம் பல காலமாகச் சொல்லிவருகிறது. அதையும் மீறி வைத்த நெருப்பு, வரம்பைத் தாண்டிப் பக்கத்துக்காரரின் அறுக்காத வெள்ளாமையையோ (நெற்பயிரையோ) மாட்டுக் கொட்டிலையோ தின்றுவிட்டால் பொலிஸிலும், மத்தியஸ்த சபையிலும், பிறகு கோட்டிலும் கேட்கிற வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்: “நான் வேணுமெண்டு செய்யல்ல. என்னால ஏலுமான அளவு கவனமாத்தான் இருந்தன்.”

அவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அப்படியிருந்தும் அது வழக்குக்கு விடையாகாது. உங்கள் இடத்தில், அதே வயலில், அதே நேரத்தில், அதே காற்றில் கவனமுள்ள இன்னொருவர் நின்றிருந்தால் என்ன நடக்கலாம் என்று கண்டிருப்பார், அதைத் தடுக்க என்ன செய்திருப்பார் என்று சட்டம் கேட்கிறது. அந்த இன்னொருவர்தான் ‘நியாயமான ஆள்’. அப்படி ஒருவர் எந்த ஊரிலும் பிறந்து வளர்ந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கவனயீன வழக்கிலும் எதிராளிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி வைத்துத்தான் நீதிபதி அளக்கிறார். வழக்காளியும் எதிராளியும் இதை விளங்காமல், ‘அவர் நல்லவரா, கெட்டவரா’ என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பல நல்ல வழக்குகள் வீணாகின்றன.

வைக்கோல் தீயை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமச் சட்ட அறிஞர் பவுலுஸ் இதே விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் தன் வயலின் தாளையோ முட்புதரையோ எரிக்கத் தீ வைக்கிறார். தீ பரவி இன்னொருவரின் பயிரையோ திராட்சைத் தோட்டத்தையோ அழிக்கிறது. காற்று வீசும் நாளில் தீ வைத்திருந்தால் பிழை அவருடையது. தீ பரவாமல் பார்த்து நிற்காவிட்டாலும் பிழை அவருடையதே. செய்ய வேண்டியதெல்லாம் செய்திருந்தும் திடீரென எழுந்த காற்று தீயைக் கொண்டு போயிருந்தால் அவர் பொறுப்பாளியல்ல. கி.பி. 533 இல் யஸ்டீனியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது. ஒரு நவீன தீர்ப்பின் சாரத்தையே மூன்று வரியில் சொன்னது போன்றது.

ரோமர் எழுதியது மட்டக்களப்பில் எப்படிச் சட்டமானது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து முதலில் கைப்பற்றிய கோட்டை மட்டக்களப்புக் கோட்டைதான், 1638 இல். ரோமச் சட்டத்தின் மேல் வளர்ந்த தங்கள் சட்டத்தை ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்தார்கள். 1799 செப்டெம்பர் 23 பிரகடனத்தில் பிரித்தானியர் அதைத் தொடர விட்டார்கள். முதுசம், திருமணம் போன்றவற்றில் நமக்குப் பலவகைச் சட்டங்கள் இருந்தன. மட்டக்களப்பின் முக்குவர் சட்டம் அவற்றில் ஒன்று. ஆனால் ஒருவர் கவனமில்லாமல் இன்னொருவருக்கு நட்டம் விளைவித்தால், தமிழர், முஸ்லிம், சிங்களவர், பறங்கியர் எவராயினும் அளவுகோல் ஒன்றே: ரோமன் டச்சுச் சட்டத்தின் ‘கவனமுள்ள குடும்பத் தலைவர்’. இங்கிலாந்துத் தீர்ப்புகள் இதே ஆளை ‘நியாயமான மனிதன்’ என்கின்றன. நமது நீதிமன்றங்கள் இரண்டு பக்கத் தீர்ப்புகளையும் பார்க்கின்றன.

அளவு இரண்டு கேள்விகளில் அடங்கும். இதே ரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966 இல் குரூகர் எதிர் குட்சியா வழக்கில் இதைச் சுருக்கமாக வகுத்தது. எதிராளியின் நிலையில் இருக்கும் கவனமுள்ள ஒருவர், தன் செயல் இன்னொருவரின் உடலுக்கோ உடைமைக்கோ கேடு செய்யக்கூடும் என்பதை முன்கூட்டியே கண்டிருப்பாரா? கண்டிருந்தால், அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா? இரண்டுக்கும் ஆம் என்றால், எதிராளி அந்த நடவடிக்கையை எடுக்கத் தவறியதே கவனயீனம். வழக்கைத் தயாரிக்கும்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தச் சாட்சி, எந்தப் படம், எந்தப் பத்திரம் என்று நிரப்பிப் பாருங்கள். எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் வழக்கு உடையும்.

‘என் புத்திக்கு எட்டியவரை செய்தேன்’ என்ற விடையை இங்கிலாந்து நீதிமன்றம் 1837 இலேயே தள்ளிவிட்டது. அந்த வழக்கும் வைக்கோல் வழக்குத்தான். மென்லவ் என்பவர் தன் காணி எல்லையில், பக்கத்துக்காரரின் குடிசைகளுக்குக் கிட்ட, ஈரம் காயாத வைக்கோலைப் போராகக் குவித்தார். ஈர வைக்கோலை நெருக்கி அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே பற்றும். ஐந்து வாரமாகப் பலர் எச்சரித்தார்கள். நடப்பது நடக்கட்டும், பார்த்துக்கொள்வேன் என்றார். பற்றியது, குடிசைகள் எரிந்தன. தமது கட்சிக்காரருக்குக் கூர்மையான புத்தி இல்லாமற் போனது அவருடைய துரதிர்ஷ்டம், அதற்காக அவரைத் தண்டிக்கலாமா என்று சட்டத்தரணி வாதாடினார். ஒவ்வொருவரின் புத்தியையும் வைத்து அளக்கத் தொடங்கினால், ஒவ்வொருவரின் பாதத்தையும் அடிக்கோலாக வைத்துக் காணி அளந்த கதையாகிவிடும் என்ற கருத்தில் நீதிமன்றம் அதை மறுத்தது. இந்தத் தீர்ப்பு கடுமையானதுதான். ஆனால் வீடு எரிந்தவரின் பக்கம் நின்று பார்த்தால், பக்கத்துக்காரர் கெட்டிக்காரரா மந்தமானவரா என்பதைப் பொறுத்து அவருடைய நட்டஈடு கூடிக் குறைவது எந்த விதத்திலும் நியாயமாகாது.

இனி, வட்டையில் நியாயமான ஆள் தீ வைத்தால் எப்படி வைப்பார்? பக்கத்து வயலில் அறுக்காத வெள்ளாமை நின்றால் அன்றைக்கு வைக்கவே மாட்டார். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கடற்கரைக்குக் கிட்டிய வயல்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்து திசையே மாறிப்போகும். இது இங்கே வயல் செய்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே ‘காற்று மாறும் என்று நினைக்கவில்லை’ என்ற விடை மட்டக்களப்பில் எடுபடுவது கடினம். முன்கூட்டியே காணக்கூடியது என்றால் இதுதான். முதல் நாளே பக்கத்துக்காரர்களுக்கும், வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைக்கும் சொல்லுவார். எல்லையோரத்து வைக்கோலை உள்ளே இழுத்துவிட்டு, வரம்பைச் சுற்றி ஏறத்தாழ பத்து அடி அகலத்துக்கு இரண்டு தடவை உழுது வெறும் மண்ணாக்குவார். ரெக்டரில் தண்ணீர்த் தாங்கி நிற்கும். மருந்தடிக்கும் தெளிகருவியில் தண்ணீரை நிரப்பி இரண்டு மூன்று பேர் எல்லையில் நிற்பார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் முதலில் வைத்து, காற்றுக்கு எதிராகத் தீ மெதுவாக ஊர்ந்து வரும்படி செய்வார். அந்த ஓரம் எரிந்து கருகிய பிறகே மற்றப் பக்கம். முழு வயலையும் ஒரே நேரத்தில் கொளுத்தாமல் துண்டு துண்டாக எரிப்பார். தீ அணைந்ததாகத் தெரிந்த பிறகும் போகமாட்டார். எருக்குவியலும் மரக்குற்றியும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்து மாலைக்காற்றில் பொறி பறக்கும். பல தீகள் பரவுவது தீ வைத்தவர் சோறு தின்னப் போன நேரத்தில்தான்.

உழுத பட்டி எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கும் விஷயங்களில் செலவும் ஒன்று. ஆபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பெரிய கேடு, தடுக்க எவ்வளவு செலவும் சிரமமும், அந்தச் செயலால் என்ன பயன் என்று நான்கையும் நிறுக்கும். அரை மணி நேர ரெக்டர் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒருவரின் ஒரு போக வெள்ளாமையை ஆபத்தில் வைத்தவரிடம் தராசு இரக்கம் காட்டாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1951 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அன்று அதுவே அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்) தீர்த்த போல்ட்டன் எதிர் ஸ்டோன் வழக்கில், கிரிக்கெட் மைதானத்திலிருந்து பறந்த பந்து தெருவில் நின்ற பெண்ணைத் தாக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஆறு தடவை மட்டுமே பந்து வெளியே போயிருந்தது. உயரமான வேலியும் இருந்தது. அவ்வளவு அரிதான ஆபத்துக்காக விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை என்று கழகம் தப்பியது. நமது ஊர் மைதானம் ஒன்றில் மாலைதோறும் பந்து பிரதான வீதிக்குப் பறந்து வருகிறது, வலை கட்டும்படி ஊரார் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதே தராசு மறுபக்கம் சாயும். ஆகவே ‘இதற்கு முன் எத்தனை தடவை?’ என்ற கேள்விக்கான சாட்சியைத் தேடுங்கள். முன்பு கொடுத்த ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி, பல மணி நேர வாதத்தை விடப் பெறுமதியானது.

வீதிக்கு வருவோம். மட்டக்களப்பு கல்முனை வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் அறுவடைக் காலத்து இரவுகளில் பின்னால் லைட்டும் இல்லாமல், சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாமல், நெல் மூட்டையோடு போகிற ரெக்டர் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் மோதி உயிர் போன குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் வெறும் படிப்பு விஷயமில்லை. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் வினாடிக்கு 16.7 மீற்றர் நகர்கிறது. கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை வினாடி: 25 மீற்றர். காய்ந்த தார் வீதியில் நிற்க இன்னும் 20 மீற்றர். மொத்தம் 45. டிம் லைட்டில் இருட்டான பெட்டி தெளிவாகத் தெரிகிற தூரம் பெரும்பாலும் ஐம்பது மீற்றருக்கு உட்பட்டதே. எதிரே ஒரு வாகனம் வெளிச்சமடித்து வந்தால் அதுவும் குறையும். மணிக்கு 40 இல் வந்திருந்தால் 17 மீற்றரும் 9 மீற்றருமாக ஏறத்தாழ 26 மீற்றரில் நின்றிருக்கலாம்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். பெட்டிக்குப் பின்னால் ரிஃப்ளெக்டர் ஒட்ட ஆகும் செலவு மிகச் சிறியது, இரவில் பின்னால் வாகனம் வரும் என்பதைக் காணாத சாரதி இருக்க முடியாது. ஆகவே பெட்டிக்காரரின் கவனயீனம் தெளிவு. அதே நேரம் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் வந்தவரின் பங்கையும் நீதிமன்றம் பார்க்கும். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, தன் பக்கமும் பிழை இருந்ததற்காக வழக்காளி முழுவதையும் இழப்பதில்லை; பிழையின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். நட்டம் பத்து லட்சம், வழக்காளியின் பங்கு 30 வீதம் என்று நீதிமன்றம் கண்டால் ஏழு லட்சம் கிடைக்கும். ‘என் பக்கமும் பிழை இருக்கிறதே’ என்று நினைத்து வழக்கே போடாமல் விடுபவர்களை இங்கே அடிக்கடி காணலாம். அது தேவையில்லாத இழப்பு. மறுபுறம், தன் பக்கப் பிழையை மறைத்து வழக்குரை எழுதுவதும் ஆபத்து. குறுக்கு விசாரணையில் வேகம் வெளிவந்தால் மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போகும்.

வீதியில் நெல் காயப்போடுவதற்கும் இதே அளவுதான். தார் வீதிச் சூட்டில் நெல் விரைவாகக் காயும், களம் இல்லாதவருக்கு வேறு வழியும் குறைவு. அந்தக் கஷ்டத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் சிதறிய நெல்லின் மேல் ஏறும் இரு சக்கர வாகனத்தின் டயர் தார் மீது பிடிப்பை இழந்து உருளும். பிடிப்பு பாதியானால் நிறுத்தும் தூரத்தில் பிரேக் பிடித்த பகுதி இரட்டிப்பாகும். நெல்லை விட மோசம், நெல்லைக் காக்க ஓரத்தில் வைக்கிற கல்லும் மரக்குற்றியும். மாலையில் நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் கல்லை மறந்து போகிறார்கள், இருட்டியதும் அதுவே ஆளைக் கொல்கிறது. ‘எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க’ என்பதற்குச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு: ஊர் வழக்கம் நியாயமான ஆளின் நடத்தைக்கு ஒரு சாட்சி. ஆனால் அது முடிவான சாட்சியல்ல. ஊரே சேர்ந்து கவனமில்லாமல் இருந்தால் ஊரே பிழைவிட்டதாகத்தான் கொள்ளப்படும்.

மின்வேலிக்கு வருகிறபோது எழுத்தைச் சற்றே இறுக்க வேண்டியிருக்கிறது. அம்பாறையிலும் மட்டக்களப்பின் மேற்குப் புறத்திலும் யானையால் ஒரே இரவில் வெள்ளாமையை இழந்தவரின் கோபம் நியாயமானது. அதற்காக வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைப்பொறி வைப்பதற்குச் சமம். யானை வேலிக்கென்று செய்த கருவி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தாலும் வினாடிக்கு ஒரு துடிப்புத்தான் விடும். ஒவ்வொரு துடிப்பும் வினாடியின் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. அடி விழும், கையை எடுத்துவிடலாம். 230 வோல்ட் வீட்டு மின்சாரமோ இடைவெளியில்லாமல் பாய்கிறது. 10 முதல் 20 மில்லி அம்பியரிலேயே தசை இறுகிக் கம்பியை விட முடியாமல் போகும். 30 ஐத் தாண்டினால் இதயத்தின் துடிப்பு குலையலாம். மின்மானிக்கு (மீற்றருக்கு) முன்னாலேயே கொளுவி எடுத்த கம்பிக்கு ட்ரிப் சுவிட்ச் பாதுகாப்பும் இல்லை.

அந்த வேலியில் பட்டு இறந்தவர் அத்துமீறி வந்தவர் என்று சொல்லித் தப்பலாம் என்று நினைப்பது பெரிய தவறு. இரவில் தண்ணீர் திருப்ப வரம்பால் நடப்பவர், மாடு தேடி வருபவர், குளத்துக்குக் குறுக்கால் போகும் மீன்பிடிகாரர் என்று வட்டையில் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். நியாயமான ஆள் இதைக் காணாமல் இருக்க முடியாது. இங்கே நட்டஈட்டு வழக்கு மட்டுமல்ல, தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவும் வரும்: கண்மூடித்தனமான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. நிலைமையைப் பொறுத்து அதிலும் பாரமான குற்றச்சாட்டும் வரலாம்.

குழி வெட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாய் போடவோ வடிகான் திருத்தவோ நடைபாதையை வெட்டிவிட்டு, ஒரு நாடாவைக் கட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. 1964 இல் தீர்ந்த ஹேலி வழக்கில் இலண்டன் மின்சார சபை குழிக்கு முன்னால் நீண்ட பிடியுள்ள சுத்தியல் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தது. கண் தெரிந்தவருக்கு அது போதும். வெள்ளைப் பிரம்போடு தனியே வந்த ஒருவருக்குப் பிரம்பு அதில் தட்டவில்லை. தடுக்கி விழுந்து செவிப்புலனையும் இழந்தார். பார்வையற்றோர் தெருவில் நடப்பது எதிர்பார்க்கக்கூடியதே, அவர்களையும் எண்ணித்தான் தடுப்பு வைக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை சொன்னது. போரில் கண்ணையும் காலையும் இழந்தவர்கள் வாழும் நமது மாவட்டங்களில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமான ஆள், தன்னைப் போன்ற உடல் உள்ளவர்களை மட்டும் மனதில் வைத்துக் குழி வெட்டுபவர் அல்லர்.

அளவு சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும். தொழில் தெரிந்தவராகத் தன்னை முன்வைப்பவர் அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ளவரின் அளவுக்கு வந்தாக வேண்டும்; திறமையின்மையும் பிழையாகவே எண்ணப்படும் என்பது ரோமர் காலத்து விதி. தென்னை ஏறுபவர் கீழே ஆள் வருவதைப் பார்த்துக் குரல் கொடுக்காமல் குலையை வெட்டினால் பிழை. வீதியோரம் கிளை வெட்டுபவர் சத்தமிட்டு எச்சரிக்க வேண்டும் என்பதையும் பவுலுஸ் எழுதியிருக்கிறார். ஓட்டப் பழகுகிறவர் என்பதற்காக அளவு குறையாது. 1971 இல் நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன் வழக்கில் பழகுநர் சாரதிக்கும் தேர்ந்த சாரதியின் அளவே வைக்கப்பட்டது. மகனை ரெக்டரில் ஏற்றிப் பழக்குகிற தகப்பன்மார் இதை மனதில் கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் இறங்கி வருகிறது. ரோமன் டச்சுச் சட்டத்தில் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பிழையே சுமத்த முடியாது. கட்டில்லாத கிணற்றுக்குள் ஐந்து வயதுப் பிள்ளை விழுந்தால், ‘பிள்ளை ஓடி வந்து விழுந்தது’ என்று பிள்ளையின் மேல் பங்கு போட முடியாது. வெறும் சீமெந்து வளையம் தரைமட்டத்தில் முடிகிற கிணறுகள் வளவுகளில் இன்னும் இருக்கின்றன. மூன்று அடிக் கட்டும் ஒரு மூடியும் போதும்.

மருத்துவ வழக்குகளில் பலர் மறப்பது காரணத் தொடர்பு. 2001 இல் நமது உயர் நீதிமன்றம் தீர்த்த, குழந்தையின் மரணம் பற்றிய ஒரு வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தது. உயர் நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. கவனயீனம் பற்றிய கேள்விக்கு அப்பால், அந்தக் கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது எண்பிக்கப்படவில்லை. பெற்றோரின் துயரத்துக்கும் அப்போது இந்த வகை வழக்கில் பணம் இருக்கவில்லை. கணக்கிடக்கூடிய பொருள் நட்டமே வேண்டியிருந்தது. அந்த விதி மனதைச் சுட்டது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அதைத் திருத்தியது. ஆனாலும், உழைத்துத் தந்தவரை இழந்த குடும்பம் அவர் மாதம் எவ்வளவு உழைத்தார், வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பத்திரத்தோடு காட்ட வேண்டும்.

நியாயமான ஆள் சம்பவத்துக்கு முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் அல்லர். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்து கல்லடியிலோ மருதமுனையிலோ கரைக்குப் போன எவரையும் கவனயீனமானவர் என்று சொல்ல முடியாது; அன்றைக்கு அந்த அறிவு இந்தக் கரையில் இல்லை. இன்றைக்குக் கடலோரத்தில் விடுதி நடத்துபவர் எச்சரிக்கை வந்த பிறகும் விருந்தினரை எழுப்பாமல் விட்டால் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 1947 இல் நடந்த மயக்க மருந்து விபத்தை 1954 இல் விசாரித்த நீதிபதிகள், அன்றைய விபத்தை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது என்றார்கள். எதிராளிக்காக வாதாடுகிறவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: அன்றைக்கு எது தெரிந்திருந்தது?

கடைசியாக, காலமும் கடதாசியும். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பொலிஸ் தொடுத்த வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் முடியட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு ஆண்டையும் விடுபவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்காக மற்றது நிற்காது. அரசுக்கோ அரச அலுவலருக்கோ எதிராகப் போவதென்றால் ஒரு மாத எழுத்து முன்னறிவித்தல் வேண்டும். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை என்றால் இன்னும் குறுகிய காலம் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே அந்த வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் உண்டு. கூலிக்கு வேலை செய்யும்போது காயப்பட்டவர் 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்டால் முதலாளியின் கவனயீனத்தை எண்பிக்கவே தேவையில்லை. அந்த வழியை முதலில் பாருங்கள்.

பொலிஸ் முறைப்பாட்டை அன்றைக்கே போட்டு, அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டில் காற்று, வெளிச்சம், நேரம், யார் எங்கே நின்றார் என்பதையும் சொல்லுங்கள். பலரும் நட்டத்தை மட்டும் விபரித்துவிட்டு, நியாயமான ஆள் என்ன கண்டிருப்பார் என்பதைக் காட்டும் விபரங்களை விட்டுவிடுகிறார்கள். காயம் என்றால் பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு வைத்தியசாலைக்குப் போங்கள், வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் அட்டையைத் தொலைக்காதீர்கள், மருந்துச் சீட்டையும் ஓட்டோக் கூலியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாகன விபத்தில் மற்ற வாகனத்தின் இலக்கத்தோடு அதன் காப்புறுதிச் சான்றிதழின் இலக்கத்தையும் எடுங்கள். வழக்குப் போடும்போது காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்கத் தவறினால் வென்ற பணத்தை அறவிடுவது சிக்கலாகும். நீதவான் நீதிமன்றத்தில் ‘தண்டப்பணத்தைக் கட்டிட்டுப் போவம்’ என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சாரதிக்கும் ஒரு எச்சரிக்கை: அந்த ஒப்புதல் பின்னர் நட்டஈட்டு வழக்கில் அவருக்கு எதிராகக் காட்டப்படலாம்.

தீ வழக்கென்றால் சாம்பல் மழையில் கரையுமுன் படம் எடுங்கள். எரிந்த பகுதியை மட்டும் எடுத்தால் போதாது. எல்லை வரம்பில் உழுத பட்டி இருந்ததா, இல்லையா என்பது தெரியும்படி, அளவு நாடாவை நிலத்தில் விரித்து வைத்து, வரம்பின் இரு பக்கமும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். அதைக் கிராம உத்தியோகத்தரும் வட்டவிதானையும் நேரில் பார்த்தார்கள் என்று அவர்களிடம் திகதியோடு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள்.